மீன்தொட்டியில் எந்தச் செடியும் தங்கவில்லை. சிரமமில்லாமல் வளரும் செடிகள் எவை?

வேளச்சேரி வாசகி எழுதியது:

வணக்கம். போன கோடை விடுமுறையில் மகளுக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினோம். அகலமும் உயரமும் ஓரடி. எட்டு கப்பி, இரண்டு தங்கமீன். மீன்கள் நன்றாக இருக்கின்றன. செடிதான் தங்கவில்லை.

முதலில் பிளாஸ்டிக் செடி வைத்திருந்தோம். ஒரு கப்பியின் வால் அதில் சிக்கிக் கிழிந்துவிட்டது. மகள் அழுத அழுகையில் அன்றே அதை எடுத்துப் போட்டேன். அதன் பிறகு உயிருள்ள செடி மூன்று முறை வாங்கிவிட்டேன். முதலில் கபோம்பா. இறகு போல அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் வெறும் தண்டுகள்தான் நின்றன. அடுத்தது, தரை முழுக்கப் புல்வெளி மாதிரிப் படரும் என்று ஒரு கடையில் கொடுத்த குட்டைப் புல். மூன்று வாரத்தில் பழுத்துக் கரைந்து ஃபில்டரை அடைத்துக்கொண்டது. மூன்றாவது அனூபியாஸ். இது எளிதில் சாகாது என்றார்கள். சாயாமல் நிற்கட்டும் என்று கற்களுக்குள் நன்றாக ஆழமாக ஊன்றினேன். ஒரு மாதமாகிறது. இலைகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று மேலே மிதக்கின்றன. இன்றைக்கு நான்கு இலைகள்தான் மிச்சம்.

எங்களுடையது போர் தண்ணீர். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 900 காட்டுகிறது. செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று காலை ஆறு மணிக்குப் போடும் விளக்கை இரவு பத்து மணிக்குத்தான் அணைக்கிறேன். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்க முடியும், அவ்வளவுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஐந்து நாள் வீடு பூட்டியிருக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைப்பதெல்லாம் என்னால் ஆகாது.

மாடியில் கீரையும் கறிவேப்பிலையும் மூன்று வகைக் கத்தரியும் வளர்க்கிறேன். மண்ணில் எதை ஊன்றினாலும் வருகிறது. தண்ணீருக்குள் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? கீரைக்கு வாங்கிய மண்புழு உரம் வீட்டில் இருக்கிறது, அதில் கொஞ்சம் போடலாமா?


பெரம்பூர் தொட்டிக்காரர் எழுதியது:

அம்மா, மண்புழு உரத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த அனூபியாஸைக் காப்பாற்ற வேண்டும். இன்று இரவே கையை விட்டு அதை வெளியே எடுங்கள்.

எடுத்ததும் பாருங்கள். இலைக்காம்புகளெல்லாம் ஒரு தடித்த தண்டிலிருந்து கிளம்பியிருக்கும். சிறிய இஞ்சித் துண்டு மாதிரி படுக்கைவாக்கில் ஓடும். அதை விரலால் மெல்ல அழுத்துங்கள். நல்ல பாகம் பச்சைக் காய் போலக் கெட்டியாக இருக்கும். அழுகிய பாகம் கொழகொழவென்று அமுங்கும், சாக்கடை நாற்றம் வரும். புது பிளேடால் அழுகலை வெட்டித் தள்ளுங்கள். வெட்டிய முகம் வெளிர்பச்சையாகத் தெரிகிற வரை வெட்ட வேண்டும், பழுப்பு ஒரு பொட்டு இருந்தாலும் அது மீண்டும் பரவும். கடைசியில் ஒரு அங்குலத் துண்டும் ஒரே இலையும் மிஞ்சினால்கூடப் போதும், அது பிழைத்துக்கொள்ளும். ஒற்றை இலைத் துண்டிலிருந்து நான் வளர்த்தது இப்போது ஒரு செங்கல் அளவுக் கல்லை முழுக்க மூடியிருக்கிறது.

அந்தத் துண்டைக் கல்லின் மேல் வைத்துக் கட்டுங்கள். பருத்தி நூல் வேண்டாம், வேர் பிடிக்கும் முன்னே மக்கிவிடும். தூண்டில் நரம்பு நல்லது. இல்லையென்றால் ஃபெவிக்விக் ஒரு துளி வைத்து வேரைக் கல்லில் அழுத்தலாம். தண்ணீர் பட்டதும் வெள்ளையாக உறைந்துவிடும், மீனுக்குத் தொந்தரவில்லை. ஆனால் தண்டின் மேல் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனூபியாஸின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகள். அங்கே பாறையையும் விழுந்த மரத்தையும் பற்றிக்கொண்டு வளர்கிறது. வேரின் முதல் வேலை பிடித்துக்கொள்வது. தண்டு எப்போதும் வெளியே, ஓடும் தண்ணீரில் இருக்கும். அதைக் கல்லுக்குள் புதைத்தால் சுற்றிலும் தண்ணீர் தேங்கி அழுகுகிறது. நீங்கள் கீரைக்கும் கத்தரிக்கும் செய்ததையே இதற்கும் செய்திருக்கிறீர்கள். மண்ணில் பழகிய எவரும் அப்படித்தான் செய்வார்கள். செடியோடு சேர்த்து இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது கடைக்காரர். 1994 முதல் தொட்டி வைத்திருக்கிறேன், இந்த ஒரு காரணத்தால் செத்த அனூபியாஸ்களை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனது கேட்பதில்லை.

மற்ற இரண்டும் ஏன் போயின என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கபோம்பாவைத் தின்றது தங்கமீன்கள். அவற்றுக்கு அது நமக்குக் கீரை மாதிரி. குட்டைப் புல் தரையில் படர வேண்டுமானால் கடும் வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் ஊட்டச்சத்துள்ள அடிமண்ணும் வேண்டும். வண்ணக் கற்களில் அது வரவே வராது. ஆக உங்கள் கையில் குறை ஒன்றுமில்லை.

தங்கமீன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓரடி அகலத் தொட்டி அவற்றுக்குப் போதாது. அரை அடிக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. கழிவும் அதிகம், வேர் பிடிக்கும் முன் செடிகளைத் தோண்டியும் போடும். பெரிய தொட்டியோ சிமெண்ட் குளமோ வைத்திருக்கும் தெரிந்தவர் யாரிடமாவது கொடுங்கள். மகளிடம் பேசி, அவளையும் அழைத்துப் போய்க் கொடுங்கள். கப்பிகள் இருக்கட்டும். உங்கள் கடினத் தண்ணீர் கப்பிக்குப் பிடித்த தண்ணீர்.

இப்போது விளக்கு. பதினாறு மணி நேரம் என்பது பாசிக்கு விருந்து. மெதுவாக வளரும் செடிகளுக்கு ஏழு மணி நேரம் தாராளம். மின்சாதனக் கடையில் பிளக்கோடு சேர்ந்த டைமர் கிடைக்கும். பிற்பகல் இரண்டு முதல் இரவு ஒன்பது வரை வையுங்கள். நீங்கள் வேலை முடிந்து வரும்போது தொட்டி வெளிச்சமாக இருக்கும், ஊருக்குப் போனாலும் அது தன்பாட்டுக்கு எரிந்து அணையும். உங்கள் தொட்டிக்கு வாங்க வேண்டிய பொருள்களில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன், செடியைவிட முன்னால்.

செடி என்றால் இந்தத் தொட்டிக்கு மூன்று வகை போதும். அனூபியாஸ் ஏற்கெனவே இருக்கிறது. கூடவே ஜாவா ஃபெர்ன் ஒரு கொத்து வாங்கி, அதையும் அதே முறையில் மரக்கட்டையில் கட்டுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் நீரோடைப் பெரணி அது. மங்கலான வெளிச்சம் போதும். இலை தடிப்பு, தங்கமீன்கூடப் பெரும்பாலும் தொடாது. சில மாதம் கழித்து இலையின் அடியில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வரும். நோய் என்று நினைத்துப் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள், அவை அதன் வித்துக் கூடுகள். பழைய இலைகளின் நுனியில் குட்டிச் செடிகள் முளைக்கும், தொங்கும் வெள்ளை வேரோடு. விரல் நீளம் வந்ததும் கிள்ளி இன்னொரு கல்லில் ஒட்டலாம். என் மனைவி அந்தக் குட்டிகளை எண்ணிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது வாலிஸ்னேரியா. ரிப்பன் போல நீண்ட இலை, தொட்டியின் பின்பக்கத்துக்கு ஏற்றது. நீரின் வழியே மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாக உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதே செடிதான். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தும் இதனால் கார்பனை எடுத்துக்கொள்ள முடியும். அதனால் சென்னையின் போர் தண்ணீரில் இது கொழிக்கிறது. இதை மட்டும் கற்களில் ஊன்ற வேண்டும். வேர் உள்ளே போகட்டும், இலைகள் கிளம்பும் வெள்ளைக் கழுத்து வெளியே தெரியட்டும். முதல் இரண்டு வாரம் பழைய இலைகள் கரையும். பதறிப் பிடுங்கி வேறு இடத்தில் நடாதீர்கள். தொட்டிச்செடி சாவதில் பாதி இப்படி மறுபடி மறுபடி பிடுங்கி நடுவதால்தான். ஒவ்வொரு முறையும் அது வேர் பிடிப்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மண்புழு உரத்துக்கு வருகிறேன். மாடித் தொட்டியில் அது மெல்ல மக்கி, தண்ணீர் கீழே வடிந்துவிடும். மீன்தொட்டியில் வடிய இடமில்லை. மக்கும்போது வரும் அம்மோனியா அப்படியே தண்ணீரில் நிற்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஓரிரு நாளில் செத்தும் போகலாம். யூரியா, டி.ஏ.பி. எதுவும் கூடாது. இந்த மூன்று செடிக்கும் மீன் கழிவே பெருமளவு உரம். வெறும் கற்களில் சத்து ஏதும் இல்லை என்பதால் வாலிஸ்னேரியாவின் வேரருகே மட்டும் வண்ணமீன் கடைகளில் விற்கும் வேர் மாத்திரை ஒன்றை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆழமாகச் செருகுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தில் கால்பங்குத் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள். வெயில் காலத்தில் ஆவியாகும் தண்ணீரை ஈடுசெய்ய மட்டும் போர் தண்ணீர் வேண்டாம். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. மேலும் மேலும் போர் தண்ணீர் ஊற்றினால் 900 என்பது 1500 ஆகும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ விடுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.


பொருநைக்கரையான் எழுதியது:

அக்கா, பெரம்பூர் ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் காசு கொடுக்காமல் கிடைக்கும் இரண்டு செடிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று வேலம்பாசி. ஹைட்ரில்லா என்பார்கள். பள்ளியில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக்குழாயை வைத்து, வெயிலில் குமிழி வருவதைக் காட்டினார்களே, அந்தச் செடி. வேர்கூட வேண்டாம், ஒரு கொத்தை மிதக்கவிட்டாலே வளரும். பாசிக்குப் போக வேண்டிய சத்தை இது முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுவதால் புதுத் தொட்டியில் கண்ணாடி சீக்கிரம் தெளிகிறது. வாரம் ஒருமுறை பாதியை அள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் அனூபியாஸுக்கு வெளிச்சமே போகாது. அள்ளியதை உங்கள் கத்தரிக்கே உரமாகப் போடலாம்.

மற்றது நீர்ப்பிரம்மி. வயல் வரப்பில் தரையோடு ஓடும், தடித்த சின்ன இலை, வெள்ளையோ வெளிர்நீலமோ பூ. சிலர் இதையும் வல்லாரையையும் குழப்பிக்கொள்வார்கள். வல்லாரை இலை வட்டமாக, ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும்; இது அப்படியில்லை. தண்டைச் சாண் நீளத்துக்கு வெட்டி, அடியில் இரண்டு கணு இலையை உருவிவிட்டு, ஒவ்வொரு தண்டாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். தண்ணீருக்குள் மெதுவாகத்தான் வளரும், ஆனால் நேராக, அழகாக நிற்கும்.

ஒன்று மட்டும் கட்டாயம். ஆற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ எடுத்த செடியை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். தும்பியின் இளம்புழு அதில் ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு அப்படி ஒன்று வந்தது. சேற்று நிறம், ஆறு கால், இலையின் அடியில் அசையாமல் இருந்தது. பத்து நாளில் இருபது கப்பிக் குஞ்சுகள் காணாமல் போன பிறகுதான் தேடினேன். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த கொக்கியைச் சட்டென்று நீட்டி ஒரு குஞ்சைப் பிடித்தது. இப்போதெல்லாம் வெள்ளை வாளியில் இரண்டு வாரம் தனியாக வைத்து, நாள்தோறும் உதறிப் பார்த்து, தண்ணீரை மாற்றிய பிறகே சேர்க்கிறேன். மருந்தடித்த வயலின் பக்கம் எடுக்கவே வேண்டாம்.


கண்டியிலிருந்து எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். எங்கள் நாட்டுச் செடி ஒன்றை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். கிரிப்டோகோரைன் வெண்டி. உலகம் முழுவதும் தொட்டிகளில் வளர்க்கிறார்கள், ஆனால் அதன் சொந்த இடம் இலங்கையின் ஓடைகள்தான். பச்சை, செம்பழுப்பு என்று பல நிறத்தில் இருக்கிறது. வெளிச்சம் குறைவாக இருந்தாலும் குறை சொல்லாது. தொட்டியின் நடுப்பகுதிக்கு நல்ல உயரம்.

ஆனால் வாங்கி நட்ட முதல் கிழமையில் உங்களைப் பயப்படுத்தும். பண்ணைகளில் பெரும்பாலும் இலைகள் காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் போனதும் அந்த இலைகள் கண்ணாடி மாதிரி ஊடுருவத் தெரிந்து, பிறகு கூழாகிவிடும். சில வேளை ஓர் இலைகூட மிஞ்சாது. வேரை மட்டும் தொடாதீர்கள். கரைந்த இலையை அகற்றிவிட்டு அந்த இடத்தை அப்படியே விடுங்கள். மூன்று நான்கு கிழமையில் தண்ணீருக்கென்றே புது இலை விடும். என் அம்மா ஒருமுறை செத்துவிட்டது என்று கொட்டப் போனார். நான் தடுத்து வைத்த அதே வேர் ஏழு வருடமாகத் தொட்டியில் இருக்கிறது. ஊன்றிய பிறகு இடம் மாற்றினால் மறுபடியும் இலை உதிர்க்கும், அதனால் எங்கே வேண்டும் என்று முதலிலேயே யோசித்து நடுங்கள்.


வேளச்சேரி வாசகி எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அன்று இரவே அனூபியாஸை எடுத்தேன். பெரம்பூர் ஐயா சொன்ன அதே நாற்றம். முக்கால் பாகம் போய்விட்டது. சுண்டுவிரல் அளவுத் துண்டும் இரண்டு இலையும்தான் தேறின. மாமியார் அம்மிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கருங்கல் ஒன்றைக் கொடுத்தார், அதில் கட்டினோம். ஐந்து வாரம் ஓர் அசைவும் இல்லை. போன புதன்கிழமை மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டுக் கத்தினாள். தண்டின் நுனியில் ஈர்க்குச்சி மாதிரி சுருண்ட ஒரு இளம்பச்சைக் குருத்து. இன்று பாதி விரிந்திருக்கிறது, பழைய இலைகளைவிட வெளிர் நிறத்தில், மெழுகு தடவியது போல.

தங்கமீன்கள் மகளின் தோழி வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்குப் போய்விட்டன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். டைமர் வைத்த மூன்றாம் வாரத்திலிருந்து கண்ணாடியில் பாசி நன்றாகக் குறைந்துவிட்டது. கிரிப்டோகோரைன் கண்டிக்காரர் சொன்னபடியே முழுதும் கரைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. தினமும் மண்ணைக் கிளறிப் பழகிய கை. இப்போது அதில் மூன்று புது இலை.

வாலிஸ்னேரியா ஓடுகொடி விட்டு ஐந்து குட்டி போட்டிருக்கிறது. வேலம்பாசியும் கத்தரிக்குப் போட்டது போக மிஞ்சுகிறது. அதிகமானதைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டால் அங்கே பிழைத்துக்கொள்ளுமே என்கிறாள் மகள். செய்யலாமா?


பெரம்பூர் தொட்டிக்காரர் எழுதியது:

அந்தக் குருத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கும் அவ்வளவு சந்தோஷம். அது முழுதாக விரிய இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுவரை இலையைத் தொட வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லுங்கள், இளசாக இருக்கும்போது எளிதில் கிழியும்.

பள்ளிக்கரணையில் மட்டும் விடாதீர்கள். எந்த ஏரியிலும் குளத்திலும் விடாதீர்கள். மகளின் நல்ல மனது புரிகிறது, ஆனால் அங்கே அது பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் ஆபத்தே. நீங்கள் முதலில் வாங்கினீர்களே கபோம்பா, அதன் சொந்தக்கார இனம் ஒன்று தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் அது பூத்து நீர்ப்பரப்பெல்லாம் இளஞ்சிவப்பானது. பார்க்க ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். அடர்ந்து படரும் செடி, உள்ளூர் நீர்த்தாவரங்களுக்கு இடமே விடாது. நம் வேலம்பாசிக்கும் இன்னொரு முகம் உண்டு. 1950களில் மீன்தொட்டி வணிகம் வழியாக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துவிட்டது. பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இருக்கும் சதுப்பு நிலம். உங்கள் தொட்டித் தண்ணீரில் இருக்கும் நத்தை முட்டைகூட அங்கே போகக் கூடாது.

வேலம்பாசியை மாடியில் காயவைத்து மண்ணில் கலந்துவிடுங்கள். வாலிஸ்னேரியாவில் ஓடுகொடியை வெட்டி, நான்கு இலை வந்த குட்டிகளை மட்டும் ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். தங்கமீன் வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம், தோண்டிவிடும். உங்கள் குடியிருப்பிலேயே தொட்டி வைத்திருப்பவர் யாராவது இருப்பார்கள். கொடுக்கும்போது வெள்ளைக் கழுத்து வெளியே தெரிய நட வேண்டும் என்பதை மகளையே சொல்லச் சொல்லுங்கள்.